வனத்துறையினர் சங்கங்கள் யாருக்காக?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் வாரத்தில் வனமகோற்சவம் வருகிறது. 1950-இல் அன்றைய மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த வழக்கம் அது. அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் வனத்துறையைப் பொதுமக்கள் அருகில் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வாரங்களில்தான். பள்ளி வளாகத்தில் மரக்கன்று நடுவார்கள். ஓவியப் போட்டி நடக்கும். உறுதிமொழி எடுத்துக்கொண்டதும் குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் எஞ்சுவது என்ன என்பதை எந்தச் சாலையோரத்திலும் பார்க்கலாம். பச்சை வண்ணக் கம்பிக் கூண்டு நிற்கிறது. நன்கொடையாளர் பெயர் எழுதிய தகரப் பலகை அழியாமல் இருக்கிறது. கூண்டுக்குள் ஆடு கடித்த குச்சி ஒன்று காய்ந்து கிடக்கிறது.

மரம் நடுவதைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மலையடிவாரத்தை மேற்கிலும் கரிசல் காட்டைக் கிழக்கிலும் கொண்ட தென்காசி மாவட்டத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. நாம் கேட்பது வேறு. காட்டைப் பற்றி முறையாகப் படித்தவர்களும், காட்டிலேயே பணிக்காலத்தைக் கழித்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கென்று சங்கங்கள் இருக்கின்றன. அந்தச் சங்கங்கள் பொதுமக்களுக்கு என்ன கடன்பட்டிருக்கின்றன?

இந்தச் சங்கங்களின் தீர்மானங்களில் பெரும்பகுதி ஊதியம், பதவி உயர்வு, காலிப் பணியிடம், ஓய்வூதியம் பற்றியவை. அவை நியாயமான கோரிக்கைகள். வனக்காப்பாளரும் வனவரும் இரவு ரோந்து போகிறார்கள்; கோடையில் காட்டுத்தீயைப் பச்சைக் கிளைகளால் அடித்து அணைக்கிறார்கள்; ஊருக்குள் வந்த யானையைப் பட்டாசும் டார்ச் விளக்கும் கொண்டு திருப்புகிறார்கள். மிகக் கடினமான வேலையைச் செய்யும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த வரலாறு இந்த மாநிலத்துக்குப் பெருமை தருவதல்ல. இவர்களுக்காகச் சங்கம் பேசுவது கடமை. ஆனால் உரிமை கேட்பதோடு நின்றுவிடுகிற அமைப்பு ஊழியர் சங்கம் மட்டுமே. தொழிற்சங்கத்துக்கு மேலாக, கற்றறிந்து செய்யும் ஒரு தொழிலின் அமைப்பு என்று மதிக்கப்பட வேண்டுமானால் இன்னும் இரண்டு வேலைகளை அது ஏற்க வேண்டும். தெரிந்த உண்மையை மக்களிடம் சொல்வது ஒன்று. தன் உறுப்பினரின் ஒழுக்கத்துக்குத் தானே அளவுகோல் வைப்பது மற்றொன்று. இந்த இரண்டிலும் தமிழ்நாட்டின் வனத் தொழிலர்கள் குறைபட்டு நிற்கிறார்கள் என்பதே நம் கருத்து.

முதலாவதற்குச் சீமைக் கருவேலமே சாட்சி. இந்த மரம் தானாக வந்ததல்ல. 1870-களில் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த பெடோம் விதை கேட்டுத் தருவித்தார். வறண்ட நிலத்துக்கு விறகு கிடைக்கும் என்பது நோக்கம். விறகு கிடைத்தது. விளாத்திகுளம் முதல் இராமநாதபுரம் வரை மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். காயைத் தின்ற ஆடும் மாடும் விதையைச் சாணத்தோடு பரப்ப, கண்மாய், ஓடை, மேய்ச்சல் நிலம் எல்லாம் முள்காடாயின. கொண்டுவந்ததும் வனத்துறை, பயனையும் கேட்டையும் அருகிருந்து பார்த்ததும் வனத்துறை.

2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டதும் தென்மாவட்டங்கள் முழுவதும் ஜேசிபி எந்திரங்கள் இறங்கின. மாணவர்கள் அரிவாளோடு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஜாமீன் பெற மரம் வெட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்த நீதிமன்றமும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை இந்த மரம் உறிஞ்சிவிடும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்ற செய்திகள் வாட்ஸ்ஆப்பில் பறந்தன. வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதும், வேரோடு எடுத்த இடத்தில் உடனே வேறு மரம் வைக்காவிட்டால் மண்ணில் கிடக்கும் விதையே அடுத்த மழைக்கு முளைக்கும் என்பதும் வனவியல் படித்த எவருக்கும் தெரியும். எந்தக் கண்மாயில் முதலில் அகற்றுவது, எங்கே விட்டுவைப்பது, கரையில் நாட்டுக் கருவேலும் புங்கையும் பனையும் எப்படி வைப்பது, கரித் தொழிலாளிக்கு மாற்று என்ன என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அந்த மாதங்களில் அவர்களுடைய குரல் ஊர்ச் சாவடிக்கு எட்டவில்லை. வதந்தி பேசியது, எந்திரம் பேசியது. சில மாதங்களில் நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்தது. அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை மாநில அரசு வெளியிட்டது 2022-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பல கண்மாய்களில் முள்காடு பழையபடி மூடிக்கொண்டது. அதற்குச் செலவான பொதுப்பணத்துக்கு யார் கணக்குச் சொல்வது? அறிந்தும் பேசாதிருந்தவர்களுக்கு அதில் பங்கில்லை என்று நம்மால் சொல்ல முடியாது.

காட்டுப்பன்றி விவகாரத்திலும் இதே கதைதான். குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்தில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் பருவத்தில் விவசாயி வீட்டில் தூங்குவதில்லை. பழைய சேலைகளைக் கம்பில் கட்டி, தகர டப்பாவைத் தட்டியபடி வயலில் விடிய விடியக் காத்திருக்கிறார். அப்படியும் ஓரிரவில் ஒரு கூட்டம் வந்து போனால் அந்தப் பருவத்தின் உழைப்பு மண்ணோடு போகிறது. 2025 ஜனவரியில் அரசு ஒரு வழிமுறையை வகுத்தது: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைக் கொல்லக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். தன் வயல் இந்த மூன்றில் எதில் அடங்குகிறது, யாரிடம் மனுக் கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதை விவசாயிக்கு விளங்கச் சொல்ல ஆள் வேண்டும்.

சொல்லப்படாத இடத்தில்தான் திருட்டு மின்வேலி முளைக்கிறது. அதில் பன்றி மட்டும் சாவதில்லை. யானை சாகிறது, இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனும் சாகிறான். 2020 ஜூலையில் இதே தென்காசி மாவட்டத்தின் கடையம் அருகே வாகைக்குளத்தைச் சேர்ந்த முதிய விவசாயி ஒருவர், மின்வேலி தொடர்பாக வனத்துறை விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், உயிருடன் வீடு திரும்பவில்லை. அந்த மரணத்தின் குற்றப் பொறுப்பை முடிவுசெய்ய வேண்டியது சட்டம். ஆனால் விவசாயியும் வனத்துறையும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்கும் நிலை ஒரே இரவில் வந்ததல்ல. அறிவுரை சொல்ல வராத துறை, வழக்குப் போட மட்டும் வருமானால், மக்கள் அதை வேறெப்படிப் பார்ப்பார்கள்?

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களுக்குச் செய்த கொடுமையைத் தமிழகம் மறக்கக்கூடாது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அப்போது உயிருடன் இருந்த 215 பேரில் 126 பேர் வனத்துறையினர்; இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் அவர்களில் அடக்கம். 2023-இல் அதே செப்டம்பர் 29-ஆம் நாள் உயர்நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது. நீதி கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின. வேலியே பயிரை மேய்ந்த அந்த வழக்கை நடத்தியவர்கள் பாதிக்கப்பட்ட மக்களும் அவர்களோடு நின்ற இயக்கங்களும். அது தங்கள் தொழிலின் முகத்தில் விழுந்த கறை என்று முன்வந்து சொல்லும் கடமை வனத் தொழிலர் அமைப்புகளுக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது. வனப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வாச்சாத்தித் தீர்ப்பு பாடமாக வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்களே.

மற்ற நாடுகளில் இந்தத் தொழில் தன்னை எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்பதைப் பார்க்கலாம். 1900-இல் தொடங்கிய அமெரிக்க வனவியலர் சங்கம் 1948-இலேயே ஒழுக்க நெறிகளை எழுதி ஏற்றுக்கொண்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1947-இல் சட்டத்தால் உருவான வனத் தொழிலர் அமைப்பிடம் குடிமக்கள் யாரும் ஒரு வனவியலர்மீது புகார் கொடுக்கலாம். விசாரித்து அவருடைய தொழில் உரிமத்தையே பறிக்க அந்த அமைப்புக்கு அதிகாரம் உண்டு. நம் நாட்டில் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் அத்தகைய மன்றங்கள் உண்டு, வனவியலருக்கு இல்லை. ஆனால் நெறி எழுதிக்கொள்ளச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அரசு ஊழியர் நடத்தை விதிகள் தங்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்று சங்கத்தினர் சொல்லக்கூடும். அரசின் கொள்கையை மேடையேறி விமர்சிப்பதற்கு விதி குறுக்கே நிற்கலாம். எந்த மரம் எந்த மண்ணுக்கு ஏற்றது, பன்றிக்கு மனு எப்படிக் கொடுப்பது, காட்டுத்தீ எப்படிப் பரவுகிறது என்று விவசாயிக்கு விளக்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஓய்வு பெற்ற அலுவலர்களுக்கோ அந்தத் தடையும் கிடையாது. பேசாமல் இருப்பது வசதியாக இருக்கிறது என்பதே பெரும்பாலான நேரங்களில் உண்மைக் காரணம். அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்கும் நிர்வாகம், பிழைத்த கன்றுகளைப் பற்றி யாரும் பேசுவதை விரும்பாது. அப்படிப்பட்ட நிர்வாகத்திடம் உண்மையைச் சொல்லும் துணிவைத் தனி ஊழியரிடம் எதிர்பார்ப்பது கடினம், சங்கத்திடம் எதிர்பார்க்கலாம். சங்கம் இருப்பதே அதற்காகத்தான்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. நட்ட கன்றுகளில் மூன்றாண்டுக்குப் பின் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற கணக்கை ஊர்வாரியாக வெளியிடுமாறு சங்கங்கள் துறையை வற்புறுத்த வேண்டும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், சங்கரன்கோவிலானாலும் சிவகிரியானாலும், பதில் சொல்லத் தெரிந்த வனவியலர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கான ஆளைச் சங்கமே முன்வந்து தரலாம். உறுப்பினருக்கான ஒழுக்க நெறியைத் தமிழில் எழுதி வெளியிட்டு, காவலில் வைத்து அடித்தவரையும் இலஞ்சம் வாங்கியவரையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் விதியை அதில் சேர்க்க வேண்டும்.

ஊதியத்துக்காகச் சங்கம் போராடும்போது பொதுமக்கள் தங்கள் பக்கம் நிற்க வேண்டும் என்று வனத்துறையினர் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் மக்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லாமலும், மக்களுக்குத் தீங்கிழைத்த சகாவைக் கண்டிக்காமலும் இருக்கும் சங்கத்துக்கு அந்த ஆதரவைக் கேட்கும் தகுதி இல்லை. காடு அரசின் சொத்தல்ல, துறையின் சொத்தும் அல்ல. அதைக் காக்கச் சம்பளம் கொடுப்பவர்கள் மக்கள். அவர்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமையிலிருந்து வனக்காப்பாளர் முதல் முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் வரை யாருக்கும் விலக்கு கிடையாது.