கிலோகிராமா, நியூட்டனா?



“விசையின் அலகு யாது?” என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் “நியூட்டன்” என்று சொல்லும். “ஒரு நியூட்டன் என்பது எவ்வளவு? கையால் இழுத்துக் காட்டுங்கள்” என்றால் அதே வகுப்பு வாய்மூடிவிடும். ஒரு மீட்டரைக் கை விரித்துக் காட்டுகிறோம். ஒரு கிலோ சர்க்கரையைத் தூக்கிப் பார்த்தே சொல்கிறோம். நியூட்டனை மட்டும் காட்ட முடியாதது ஏன்? நியூட்டனில் நாம் கணக்குப் போட்டிருக்கிறோமே தவிர, அதை அளந்ததில்லை!

இக்குறைக்குச் சுருள்வில் தராசும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அதன் கொக்கியில் பொருளை மாட்டினால், பூமி அதை இழுக்கும் விசைக்கு ஏற்ப வில் நீளுகிறது. மீள் எல்லைக்குள் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கி வெளியிட்டார். ஆகவே இத்தராசு அளப்பது விசையை. ஆனால் பல தராசுகளில் அச்சிட்டிருப்பதோ கிராமும் கிலோகிராமும். அவை நிறையின் அலகுகள் அல்லவா?

“இதனால் என்ன குடிமுழுகிவிட்டது?” என்று கேட்கலாம். ஒரு புத்தகக் கட்டைக் கயிற்றால் கட்டி, தராசின் கொக்கியில் மாட்டித் தரையில் இழுங்கள். முள் 300 கிராம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். எதன் 300 கிராம்? புத்தகக் கட்டின் நிறையும் அதுவன்று. கயிற்றின் நிறையும் அதுவன்று. உராய்வை வெல்ல நாம் செலுத்திய விசை ஏறக்குறைய 3 நியூட்டன் என்றால்தான் பொருள் விளங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. 1672-இல் பிரெஞ்சு வானியலார் ழான் ரிஷே, நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் நகருக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. புவியீர்ப்பு முடுக்கம் எங்கும் ஒன்றாக இல்லை என்பதே காரணம். வினாடிக்கு வினாடி, நிலநடுக்கோட்டில் அது 9.78 மீட்டர், துருவத்தில் 9.83 மீட்டர். நிலநடுக்கோட்டில் 1 கிலோ காட்டும் சுருள்வில் தராசு, அதே பொருளுக்குத் துருவத்தில் சுமார் 5 கிராம் கூடுதலாகக் காட்டும். சந்திரனிலோ ஏறக்குறைய 165 கிராம்தான் காட்டும்! பொருளின் நிறை எங்கும் மாறவில்லை. அதன் எடையே மாறியது. இருதட்டுத் தராசில் இந்த வேறுபாடு தெரியாது. இரு தட்டையும் ஈர்ப்பு ஒரே விதமாக இழுப்பதால் அங்கே நிறையோடு நிறை ஒப்பிடப்படுகிறது. இன்றைய கடைகளின் மின்னணுத் தராசும் விசையைத்தான் உணர்கிறது. அதனால்தான் நுட்பமான மின்னணுத் தராசுகளைப் பயன்படுத்தும் இடத்திலேயே படித்தர எடைக்கல் வைத்துச் சரிசெய்கிறார்கள்.

கடைக்காரருக்குக் கிலோ போதும். பள்ளி ஆய்வுக்கூடம் மளிகைக் கடையன்று. அங்கே விசையை விசையின் அலகில்தான் அளக்க வேண்டும்.

இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு மரச்சட்டத்தின் மேல்முனையில் ஆணி அடித்து, மெல்லிய சுருள்வில் ஒன்றை மாட்டுங்கள். வில்லுக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். வில்லின் கீழ்முனையில் இலேசான பிளாஸ்டிக் குவளையைத் தொங்கவிட்டு, முனை நிற்கும் இடத்தில் சுழி என்று குறியுங்கள். 100 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் எடை 0.98 நியூட்டன், இரண்டு சதவீதப் பிழையைப் பொறுத்துக்கொண்டு 1 என்று எழுதலாம். மேலும் மேலும் 100 மில்லிலிட்டர் ஊற்றி 2, 3 என்று குறியுங்கள். கோடுகளின் இடைவெளி சமமாக இருந்தால் ஹூக் சொன்னதை நீங்களே கண்டுவிட்டீர்கள். வில்லுக்குப் பதிலாக ரப்பர் வளையத்தை மாட்டிப் பாருங்கள்; இடைவெளி சமமாக வராது. ஏன் என்று யோசியுங்கள்.

பிறகு குவளையைக் கழற்றிவிட்டு, சட்டத்தைக் கிடையாகப் பிடித்துப் புத்தகக் கட்டை இழுங்கள். சுழி சற்று விலகியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். கட்டின் அடியில் உருண்டைப் பென்சில்களை வைத்து மீண்டும் இழுத்தால் எத்தனை நியூட்டன் மிச்சமாகிறது?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: விசைப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே இக்கருவியை மாணவர் கையால் செய்யவிடுங்கள். ஒரு நியூட்டனை இழுத்துப் பார்த்த கைக்கு, அதன் பின் வரும் கணக்குகள் வெறும் எண்களாக இரா.