எடை குறைந்த உலோகமும் எவர்சில்வரும்

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1899 முதல் 1905 வரையில் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் நடத்திய அகழாய்வில் இரும்புக் கருவிகள் வெளிப்பட்டன. தாமிரபரணிக் கரையில் இரும்பின் உபயோகம் அவ்வளவு பழமையானது. துருவின் தொல்லையும் அவ்வளவு பழமையானதே. இக்காலத்தில் தோட்ட வேலைக்கு வரும் சிறு இயந்திரங்கள் சிலவற்றில் எவர்சில்வரும் மக்னீசியக் கலப்பு உலோகமும் இடம்பெற்றிருக்கின்றன. இரண்டில் எது மேலானது என்று குடியானவர்கள் வினவுவது இயல்பே. ஆயினும், எந்த உறுப்புக்கு எது தகும் என்று வினவுவதே பிரயோஜனமுள்ளது.

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கட்டியாக நிறுத்தால், மக்னீசியக் கலப்பு சுமார் 1.8 கிலோவும், அலுமினியம் 2.7 கிலோவும், எவர்சில்வர் ஏறக்குறைய 8 கிலோவும் இருக்கும். ஒரே பருமனுள்ள இரு கம்பிகளில் ஒரே பாரத்தைத் தொங்கவிட்டால் மக்னீசியக் கம்பி மற்றதைவிட நான்கு மடங்குக்கு மேல் வளையும். எனினும் எடை மிகக் குறைவாதலால், சுவரைத் தடிப்பாக வார்த்து அக்குறையை ஈடுசெய்துவிடலாம். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பங்களில் எஞ்சின் கூட்டை இவ்வுலோகத்தால் வார்ப்பது இதனாலேயே.

விலையைக் கொடுப்பவர் நிலச்சொந்தக்காரர்; பாரத்தைத் தூக்குபவர் கூலியாள். ஆகையால் கருவி வாங்குகையில் எடையைப் பற்றிய பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. காலை முதல் உச்சிப்பொழுது வரை கையில் ஏந்தி வேலை செய்யும் இயந்திரத்தில் ஒரு கிலோ குறைவது அற்ப விஷயமன்று. அதைத் தாமே ஒரு மணி நேரம் தூக்கிப் பாராதவர்கள், மக்னீசியத்தை வீண் செலவென்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

நீரும் உப்பும் படும் இடத்திலோ நிலைமை வேறு. எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். அது காற்றுப்பட்டு, கண்ணுக்குத் தோன்றாத மெல்லிய படலமாகி உலோகத்தைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் மீண்டும் உண்டாகும். மக்னீசியத்தின் மேல் உண்டாகும் படலம் உப்புநீரைத் தாங்காது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பை வாரிய பின் எஞ்சும் கசப்புநீரில் நிறைந்திருப்பதும் மக்னீசியமே. அவ்வுலோகம் மீண்டும் அந்நிலைக்கே போக முற்படும். ஆகவே மருந்துத் தொட்டி, தெளிகுழாய், பம்பின் தண்டு ஆகியவற்றில் அதற்கு இடமில்லை. எவர்சில்வரிலும் 304 என்னும் வகை, உவர்நீரும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் கரைசலும் தங்கிநிற்கும் இடங்களில் புள்ளிபுள்ளியாக அரிக்கப்படலாம். கடலையடுத்த நிலங்களுக்கு, மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்த 316 வகை விலை கூடினாலும் தக்கது.

அதிகச் சேதம் நேருவது இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்திலாகும். ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். போர்டோக் கலவையில் மயில்துத்தம் மிஞ்சியிருக்கிறதா என்றறிய, துலக்கிய கத்தியை அதில் தோய்த்துப் பார்ப்பது வழக்கம். கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அங்கே செம்பு படியப் படிய இரும்பு கரைந்துபோகிறது. இதையொத்த இயல்பினால், தொட்டுக்கொண்டிருக்கும் இரு உலோகங்களுக்கிடையே உவர்நீர் தங்குமாயின், இளைத்தது கரைந்து வலியது பிழைக்கும். கருவிகளுக்கு உதவும் உலோகங்களில் இவ்வகையில் மிக இளைத்தது மக்னீசியம்.

இயந்திரக் கூட்டில் ஒரு திருகாணி தொலைந்தால், துருவே பிடிக்காதென்று நல்லெண்ணத்துடன் எவர்சில்வர் திருகாணியைப் பூட்டிக்கொடுக்கும் பட்டறைகள் உண்டு. திருகாணி பளபளப்பாகவே இருக்கும். அதைச் சுற்றியுள்ள கூடு வெண்பொடியாய் உதிர்ந்து, துளை அகன்று, முடிவில் கூட்டையே மாற்ற நேரும். சில ரூபாய்த் திருகாணியால் வரும் நஷ்டம் இது. தயாரிப்பாளர் குறித்துள்ள திருகாணியையே கேட்டு வாங்குதல் வேண்டும். வேலை முடிந்ததும் கூட்டை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்ற நம்பிக்கையும் உதவாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசைச் சரக்கிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. அது 304 வகையைவிட விரைவில் துருப்புள்ளி காட்டும். கூட்டுறவுச் சங்கத்திற்காகவோ ஊராட்சிக்காகவோ கருவி வாங்கும் அலுவலர்கள், பட்டியலில் எவர்சில்வர் என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காமல், வகை எண்ணையும் எழுதித் தரும்படி கேட்பது அவர்கள் கடமை.

உடைந்த மக்னீசியக் கூட்டைப் பட்டறையில் அரத்தால் ராவும்போது விழும் பொடி எளிதில் தீப்பற்றும். அத்தீயில் நீரை ஊற்றினால் இன்னும் மூண்டெழும். பற்றவைப்புப் பொறியும் இரும்புப் பொறியும் படாத இடத்தில் அவ்வேலையைச் செய்து, அருகே ஒரு வாளி உலர்ந்த மணல் வைத்துக்கொள்ளுமாறு பட்டறைக்காரருக்கு முன்னதாகவே சொல்லிவைத்தல் வேண்டும்.