தப்பித்தது யார்? எதிலிருந்து?

‘நைஸா எஸ்கேப் ஆயிட்டான்’, ‘அவர் வர்றதுக்குள்ள எஸ் ஆயிடு’ என்று தமிழிலேயே கலந்துவிட்ட சொல் ‘எஸ்கேப்’. யாருக்கும் அகராதி தேவைப்படாது. ஆனால் ஆங்கில வாக்கியத்தில் எழுதும்போது, கூடவே ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்தால் போதும், ஒரு பாவமும் அறியாதவர் தப்பியோடிய கைதியாகிவிடுவார்!

முதலில் உச்சரிப்பு. ‘எக்ஸ்கேப்’ தவறு. ‘இஸ்கேப்’ அல்லது ‘எஸ்கேப்’ என்று சொல்லலாம். இறந்த காலத்தில் ‘எஸ்கேப்ட்’. லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘கப்பா’ என்றால் மேலங்கி. துரத்தி வந்தவன் அங்கியைப் பிடித்துக்கொள்ள, அதை அவன் கையிலேயே விட்டுவிட்டு ஓடுவதுதான் இந்தச் சொல்லின் வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த ‘க்’ ஒலி உதிர்ந்துவிட்டது.

தமிழில் ‘எஸ்கேப் ஆனேன்’ என்று சொல்லிப் பழகியதால் சிலர் ‘ஐ ஆம் எஸ்கேப்’ என்கிறார்கள். ‘எஸ்கேப்’ தானே வினைச்சொல். ‘ஐ எஸ்கேப்ட்’ என்றால் ‘தப்பித்தேன்’. ‘ஆம்’, ‘வாஸ்’ எதுவும் வேண்டாம்.

இனி அந்தச் சின்னச் சொல்: ‘ஃப்ரம்’.

‘சிறையிலிருந்து தப்பினான்’, ‘தண்டனையிலிருந்து தப்பினான்’ என்று தமிழில் இரண்டுக்கும் ‘இலிருந்து’ போடுகிறோம். அதனால் ஆங்கிலத்திலும் இரண்டு இடத்திலும் ‘ஃப்ரம்’ போடக் கை துறுதுறுக்கும். இங்கேதான் கவனம் தேவை.

ஹி எஸ்கேப்ட் ஃப்ரம் ப்ரிஸன்: சிறைக்குள் இருந்தான், தப்பி வெளியே வந்துவிட்டான்.

ஹி எஸ்கேப்ட் ப்ரிஸன்: சிறைத் தண்டனை கிடைத்திருக்கலாம், கிடைக்கவில்லை. அவன் சிறைக்குள் போகவே இல்லை.

அதாவது, ஒன்றுக்குள் அகப்பட்டிருந்து வெளியேறினால் ‘ஃப்ரம்’ உண்டு. வரவிருந்த ஆபத்து வராமலே போனால் ‘ஃப்ரம்’ இல்லை. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து வெளியேறுவதை ‘எஸ்கேப்ட் தி பில்டிங்’ என்று ‘ஃப்ரம்’ இல்லாமலும் எழுதுவதுண்டு. அதில் குழப்பம் வராது. ஆனால் சிறை, போலீஸ் என்று வந்தால் இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. ‘எஸ்கேப்ட் ஃப்ரம் தி போலீஸ்’ என்றால் போலீஸ் பிடியில் இருந்தவர் தப்பினார் என்றே படிப்பவர் நினைப்பார். காவலிலிருந்து தப்புவது தனிக் குற்றம்!

இந்த வேறுபாட்டை மறக்காமல் இருக்க ஓர் உண்மைச் சம்பவம் உதவும். இரண்டாம் உலகப் போரின்போது, இன்று போலந்தில் இருக்கும் ஒரு ஊரில் ஜெர்மானியர்கள் நடத்திய போர்க் கைதிகள் முகாம் இருந்தது. கைதிகளில் பெரும்பாலோர் நேச நாட்டு விமானப் படையினர். ‘டாம்’, ‘டிக்’, ‘ஹாரி’ என்று பெயரிட்டு மூன்று சுரங்கங்களை ரகசியமாகத் தோண்டினார்கள். 1944 மார்ச் 24 இரவு, ‘ஹாரி’ வழியாக 76 பேர் வெளியேறினார்கள். அவர்களில் 73 பேர் மீண்டும் பிடிபட்டார்கள். ஹிட்லரின் உத்தரவுப்படி 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ‘தி கிரேட் எஸ்கேப்’ என்ற 1963-ம் ஆண்டுப் படம் இந்தச் சம்பவத்தை வைத்து எடுக்கப்பட்டதுதான்.

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

செவன்டி சிக்ஸ் மென் எஸ்கேப்ட் ஃப்ரம் தி கேம்ப். (முகாமுக்குள் இருந்து வெளியேறியவர்கள்.)

ஒன்லி த்ரீ எஸ்கேப்ட் ரீகேப்சர். (மீண்டும் பிடிபடாதவர்கள்.)

ட்வென்டி த்ரீ அதர்ஸ் வேர் காட், பட் எஸ்கேப்ட் டெத். (பிடிபட்டும் உயிர் பிழைத்தவர்கள்.)

முதல் வாக்கியத்தில் மட்டுமே ‘ஃப்ரம்’. அங்கே 76, ‘ஃப்ரம்’ இல்லாத அடுத்த வாக்கியத்தில் வெறும் 3. எத்தனை பெரிய வித்தியாசம்!

அடுத்து, ‘உயிர் தப்பினார்’. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘எஸ்கேப்ட் லைஃப்’ என்றால் வாழ்க்கையை விட்டே ஓடியதுபோல் ஆகிவிடும். ‘எஸ்கேப்ட் டெத்’ அல்லது ‘எஸ்கேப்ட் வித் ஹிஸ் லைஃப்’ என்பதே சரி. நூலிழையில் தப்பினார் என்றால் ‘ஹி நேரோலி எஸ்கேப்ட் டெத்’ அல்லது ‘ஹி ஹேட் எ நேரோ எஸ்கேப்’.

விபத்து பற்றி இன்சூரன்ஸுக்கோ காவல் நிலையத்துக்கோ ஆங்கிலத்தில் எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். ‘ஹி எஸ்கேப்ட் ஃப்ரம் தி ஆக்ஸிடென்ட்’ என்று எழுதினால், விபத்து நடந்த இடத்தைவிட்டு ஓடிவிட்டார் என்றுகூட ஒருவர் புரிந்துகொள்ள இடமுண்டு. காயமில்லை என்றால் ‘ஹி எஸ்கேப்ட் அன்ஹர்ட்’, சிறு காயம் என்றால் ‘ஹி எஸ்கேப்ட் வித் மைனர் இன்ஜுரீஸ்’. சந்தேகமே வேண்டாம் என்றால் ‘ஹி வாஸ் நாட் ஹர்ட்’ என்று எளிமையாக எழுதிவிடலாம்.

‘எஸ்கேப்’ பக்கத்தில் இன்னொரு வினைச்சொல் வந்தால் அது ‘இங்’ என்று முடிய வேண்டும். லாரி மோதாமல் தப்பினாள்: ‘ஷி எஸ்கேப்ட் பீயிங் ஹிட் பை தி லாரி’. ‘எஸ்கேப்ட் டு பீ ஹிட்’ என்பது தவறு.

ஆபத்தே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வரும். ‘ஹர் நேம் எஸ்கேப்ஸ் மீ’ என்றால் அவர் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை என்று அர்த்தம். கல்யாண வீட்டில் கைகொடுக்கும்!

இப்போது நீங்களே முயன்று பாருங்கள். கோடிட்ட இடத்தில் ‘ஃப்ரம்’ வேண்டுமா, வேண்டாமா?

1. தி பேரட் எஸ்கேப்ட் ____ தி கேஜ்.
2. தி பாய் எஸ்கேப்ட் ____ பனிஷ்மென்ட்.
3. கேஸ் இஸ் எஸ்கேப்பிங் ____ தி சிலிண்டர்.

விடை: 1. வேண்டும். கிளி கூண்டுக்குள் இருந்தது. 2. வேண்டாம். பையனுக்குத் தண்டனை கிடைக்கவே இல்லை. 3. வேண்டும். ஆனால் இதை எழுதிப் பார்ப்பதற்கு முன் ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்!