நாட்டு நடப்பும் நம் வீட்டுச் செய்தித்தாளும்

ஆட்சிப் பணித் தேர்வு எழுத விரும்புகிறவர்கள் நாட்டு நடப்பை அறிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாட்டு நடப்பு என்றால் என்ன? யார் எந்தப் பதவிக்கு வந்தார், எந்த நகரில் மாநாடு கூடியது, யாருக்கு விருது கிடைத்தது என்று தேதியோடு ஒப்பிப்பதா? மாதந்தோறும் விற்கப்படும் தொகுப்பு நூல்களையும் கைப்பேசியில் ஓடும் ஒரு நிமிடக் காணொளிகளையும் பார்த்தால் அப்படித்தான் எண்ணத் தோன்றும். எங்கள் கருத்து வேறு. ஒரு செய்தியைப் படித்ததும் "ஏன்?" என்று கேட்டு, விடையைத் தேடிப் போகும் பழக்கமே நாட்டு நடப்பு அறிவு. அந்தப் பழக்கம் பட்டம் பெற்ற மறுநாள் வந்துவிடாது. பள்ளியிலேயே தொடங்க வேண்டும். பெண்களாகிய நாம் கட்டாயம் தொடங்க வேண்டும்.

முதலில் தேர்வைப் பார்ப்போம். மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் 100 வினாக்கள், 200 மதிப்பெண்கள். தவறான விடைக்கு, அந்த வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துபோகும். குருட்டு மனப்பாடம் அங்கேயே நம்மைக் கைவிட்டுவிடும். அதைத் தாண்டினால் முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்முகத் தேர்வுக்கு 275 மதிப்பெண்கள். நேர்முகத் தேர்வில் சொந்த மாவட்டத்தைப் பற்றிக் கேட்பது வழக்கம். உலகமெல்லாம் அறிந்தவள் தன் ஊரைப் பற்றி வாய் திறக்க முடியாமல் நின்றால் எப்படி இருக்கும்?

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தொகுப்பு நூலில் இது ஒரே வரி. "ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. அச்சட்டத்துக்குக் காரணமான உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் வருகிறது. 2008இலேயே இக்குறியீட்டைப் பெற்ற சிறுமலை, விருப்பாட்சி மலை வாழைப்பழங்களும் வருகின்றன. குறியீடு பெயரைக் காக்கும். ஆனால் அலிகாரிலிருந்து மலிவாக வந்து குவியும் இயந்திரப் பூட்டுகளோடு கையால் பூட்டுச் செய்பவர் எப்படிப் போட்டியிடுவார்? பெருமையோடு நின்றுவிடாமல் இதையும் கேட்பவளே நாளை நல்ல அதிகாரி ஆவாள்.

இன்னொன்று, நம் கிணற்று நீர். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் நம் பகுதியில் நிலத்தடி நீர் கெட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பை வழங்கியது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்று கூறப்பட்ட மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. தேர்வுக்குப் படிப்போர் எல்லோரும் மனப்பாடம் செய்யும் இத்தீர்ப்பு நம் தெருக் குழாயோடு தொடர்புடையது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பெண்கள் கட்டாயம் தொடங்க வேண்டும் என்றோம். காரணம் உண்டு. சுதந்திர இந்தியாவின் ஆட்சிப் பணியில் முதல் பெண்ணாக 1951இல் தேர்வு பெற்றவர் அன்னா ராஜம். தேர்வுக் குழுவினர் வேறு பணிகளைப் பரிந்துரைத்தபோதும் அவர் சென்னை மாநில ஆட்சிப் பணியையே விரும்பிப் பெற்று, ஓசூரில் சப்-கலெக்டராக விளங்கினார். அயலுறவுப் பணியின் முதல் பெண்ணான சி. பி. முத்தம்மா, திருமணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி மட்டும் அரசின் அனுமதி பெற வேண்டும் என்பன போன்ற விதிகளை எதிர்த்து வழக்காடினார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அவ்விதிகளைக் கடுமையாகச் சாடினார். வழி இவ்வாறு திறந்தது. ஆயினும் 2023ஆம் ஆண்டுத் தேர்வில் தேர்ச்சி பெற்ற 1016 பேரில் பெண்கள் 352 பேர். 2024ஆம் ஆண்டுத் தேர்வில் 1009 பேரில் 284 பேர்தான். கூட வேண்டிய எண்ணிக்கை குறைந்திருக்கிறது.

இதற்கு ஒரு காரணம் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. விடிந்ததும் செய்தித்தாள் அப்பா கைக்குப் போகிறது. பிறகு அண்ணன் கைக்கு. நாம் வாசல் தெளித்து, தம்பிக்குத் தலை சீவி, பஸ்ஸுக்கு ஓடுகிறோம். மாலையில் திரும்பும்போது அது அலமாரித் தட்டில் விரிக்கப்பட்டிருக்கிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு அரசியல்?" என்ற கேள்வியும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தத் தாளைப் பத்து நிமிடம் எங்கள் கையில் கொடுங்கள் என்று பெற்றோரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். செய்தித்தாள் வாங்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் இருக்கின்றன. அங்கே செய்தித்தாள் படிக்கக் காசு வேண்டாம்.

"பொதுத்தேர்வை முதலில் முடி; மற்றதெல்லாம் பிறகு" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறோம். ஆனால் நம் சமூக அறிவியல் நூலில் அரசியலமைப்புச் சட்டம் ஒரு பாடம். அன்றாடச் செய்தியோடு சேர்த்துப் படித்தால் அது எளிதில் மறக்காது. பாடமும் செய்தியும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

தமிழ்வழியில் படிப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம்; நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசலாம். முதல்நிலை வினாத்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகிறது. இது நியாயமன்று என்பது எங்கள் கருத்து. அது மாறும்வரை, தமிழ்த் தாளில் படித்து விளங்கிக்கொண்ட செய்தியை ஆங்கிலத் தாளிலும் ஒருமுறை படித்துப் பழகுவதே வழி.

அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. நூலகத்தில் ஒரு நாள் கடந்த செய்தித்தாளை வகுப்புக்கு ஒன்றாகத் தாருங்கள். நாளுக்கு ஒருத்தி எழுந்து ஒரே ஒரு செய்தியைச் சொல்லட்டும். அது ஏன் நடந்தது, எந்தச் சட்டம் அல்லது அலுவலகத்தைச் சார்ந்தது, யாருக்கு நன்மை, யாருக்குத் துன்பம் என்று மற்றவர்கள் கேட்கட்டும். வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பேரும் கலெக்டர் ஆகப்போவதில்லை. ஆனால் ரேஷன் கடையிலும் கிராம சபையிலும் கேட்க வேண்டியதைத் தயங்காமல் கேட்கும் ஐம்பது பெண்கள் உருவாவார்கள். தோழியரே, நாளைக் காலையே தொடங்குவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி