சோபா துணியின் ஆயுளை எண்ணில் சொல்லுங்கள்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், வேலூர் ரோட்டை ஒட்டி, குஷன் கடை வைத்திருக்கிறேன். சோபா, ஆட்டோ சீட், கல்யாண மண்டபத்து நாற்காலி என்று எல்லாம் எங்களிடம் வரும். பழைய துணியைப் பிரிக்கும்போது அது எங்கே செத்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் சீட்டின் முன்விளிம்பு, கைப்பிடியின் நுனி, பைப்பிங் மேல் ஏறும் மடிப்பு ஆகிய இடங்களில்தான் வெளுத்து நூல் தெரியும். சுவரைப் பார்த்திருந்த பின்பக்கத் துணி வாங்கிய அன்றைய நிறத்திலேயே இருக்கும்.

"என்னாண்ணா, போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள இப்படி நஞ்சு போச்சே?" என்று கேட்கிறார்கள். தவணை கட்டி முடிக்கும் முன்பே சோபா கிழிந்த குடும்பங்கள் உண்டு. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் துணியை விற்றவர். சொல்வதற்கு அளவுகோல் இல்லாமலும் இல்லை.

மார்டின்டேல் என்பவர் 1942-இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்த கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக ஓர் இயந்திரம் வடிவமைத்தார். வட்டமாக வெட்டிய துணியை எடை வைத்து அழுத்தி, கம்பளித் துணிமேல் எல்லாத் திசையிலும் சுழற்றித் தேய்க்கும் இயந்திரம் அது. நெய்த துணியாக இருந்தால் இரண்டு நூல் அறுகிறவரை எத்தனை சுற்று என்று எண்ணுவார்கள். உடுத்தும் துணிக்கு 9 கிலோபாஸ்கல் அழுத்தம், சோபா துணிக்கு 12. அமெரிக்காவில் வைசன்பீக் என்ற வேறொரு முறையும் உண்டு. அதில் கெட்டியான பருத்தித் துணியால் முன்னும் பின்னுமாகத் தேய்ப்பார்கள். ஒன்றில் வந்த எண்ணை மற்றொன்றோடு ஒப்பிடக் கூடாது. அங்குள்ள வணிகத் துணி உற்பத்தியாளர் சங்கம், புழக்கம் குறைந்த இடத்துக்கு மார்டின்டேலில் 20,000 சுற்று, ஆள் நடமாட்டம் மிகுந்த பொது இடத்துக்கு 40,000 சுற்று என்று வழிகாட்டுகிறது.

இவையெல்லாம் நமக்கு எட்டாத சங்கதி என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோயம்புத்தூரில் சிட்ரா என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956 முதல் இருக்கிறது. கரூரிலிருந்து வீட்டு உபயோகத் துணிகள் கப்பலேறுகின்றன. வெளிநாட்டுக்காரர் கேட்கிற சோதனைகளில் தேறாத சரக்கை அவர் வாங்க மாட்டார். அதே மாநிலத்தில் ரோலிலிருந்து ஐந்து மீட்டர், பத்து மீட்டர் வெட்டி வாங்குகிற நம் ஊர்க்காரருக்குக் கிடைப்பதோ "ஹெவி குவாலிட்டி, இம்போர்ட்டட்" என்ற வாய்வார்த்தைதான். பெரிய நிறுவனங்களின் மாதிரிப் புத்தகங்கள் சிலவற்றில் பின்னட்டையில் இந்த எண் அச்சாகியிருக்கும். ரோல் துணியில் நான் பார்த்ததில்லை.

துணி கனமாக இருந்தால் உழைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஷெனில் துணியைப் பாருங்கள். கைக்குக் கனமாக, மெத்தென்று இருக்கும். ஆனால் அதன் பிசிர் உள்நூலில் இறுகப் பிடிக்காமல் இருந்தால் தேய்க்கத் தேய்க்க உதிர்ந்து மொட்டையாகிவிடும். நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் மெல்லியதாகத் தெரிந்தாலும் அதைவிட நீடிக்கும். ஊடைநூல் நீளமாக மேலே மிதந்தால் துணி பளபளக்கும், ஆனால் சீக்கிரம் மாட்டி இழுபடும். ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபோமையும் பார்க்க வேண்டும். மட்டமான ஃபோம் அமுங்கிப்போனால் மேலே துணி தொளதொளவென்று மடியும். அந்த மடிப்பிலேயே தேயும்.

எங்கள் ஊர்ப் புழுதிக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மண் துகள் நூலுக்குள் இறங்கிவிட்டால், உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் நூலை உள்ளிருந்தே அறுக்கும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, வியர்த்த உடம்போடும் தூசி படிந்த வேட்டி சேலையோடும் ஆட்களை ஏற்றி இறக்குகிற ஷேர் ஆட்டோவின் ரெக்சின் சீட் ஒரே இரவில் எவ்வளவு தேய்ப்பு வாங்கும்! பகலில் அதே ரெக்சின் வெயிலில் காய்கிறது. அதற்கு நெகிழ்ச்சி தரும் பொருள் மெல்ல மெல்ல வெளியேறி ரெக்சின் விறைத்துப்போகும். பிறகு ஊசித் துளைகளின் வரிசையில்தான் முதல் விரிசல் விழும். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு சீட் மாற்றும் நாள் என்றால் வருமானம் இல்லாத நாள்.

தேய்ப்பு எண் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. பி.யு. லெதர் என்று விற்கிறார்களே, அது தேய்ப்புச் சோதனையில் நல்ல எண் வாங்கிவிடும். ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சில ரகங்களின் மேற்பூச்சு வேதியியல் முறையில் சிதைந்து செதில் செதிலாக உரியும். தலை சாய்க்கிற இடத்தில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து அதை இன்னும் விரைவாக்கும். இதற்கென்று தனிச் சோதனை இருக்கிறது. அதன் முடிவையும் கேட்க வேண்டும்.

சோதனைக்குச் செலவாகும், விலை கூடும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். ஒவ்வொரு மீட்டரையுமா சோதிக்கப் போகிறோம்? ஒரு நெசவு ரகத்துக்கு ஒரு முறை சோதித்தால் அந்தச் செலவு ஆயிரக்கணக்கான மீட்டரில் கரைந்துவிடும். மில்லிலிருந்து வரும்போதே துணியின் ஓரக்கரையில் எண்ணை அச்சிட்டுவிட்டால் கடைக்காரருக்கும் வேலை மிச்சம். பொருளின் தரத்தையும் அளவையும் விலையையும் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மீட்டருக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கும் துணிக்கும் அந்த உரிமை உண்டு.

தொடக்கத்தை அரசே செய்யலாம். எங்கள் வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எத்தனை ஊரிலிருந்து சனம் வருகிறது என்று தினமும் அந்த ரோட்டைப் பார்க்கிற எனக்குத் தெரியும். மாநிலம் முழுக்க அரசு அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பேருந்துகளுக்கும் இருக்கைகள் வாங்கும்போது டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்: இருக்கைத் துணி மார்டின்டேல் முறையில் 40,000 சுற்றுக்குக் குறையாமல் தாங்க வேண்டும், சோதனைச் சான்று இணைக்கப்பட வேண்டும். அரசு கேட்டால் மில்கள் அச்சிடும். அச்சிட்ட எண்ணை என் கடைக்கு வருகிறவரும் படித்துப் பார்த்துத் துணி எடுப்பார்.