அளவெடுத்து சைக்கிள் செய்ய ஆள் எங்கே?
சென்னை:
சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைந்தது. வரிக்கு முன் 60 ஆயிரம் ரூபாய் விலையுள்ள "ரோடு பைக்" சைக்கிளில் 4 ஆயிரத்து 200 ரூபாய் மிச்சம்!

விலை குறைந்தால் போதுமா? உடம்புக்குப் பொருந்த வேண்டாமா?

ரெடிமேட் சட்டை

கம்பெனி பிரேம் ரெடிமேட் சட்டை மாதிரி. சில அளவுகளில்தான் வரும். கால் குட்டை, கை நீளம் என்றால் தொல்லைதான். சீட் தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும். ஹேண்டில்பார் எட்டாவிட்டால் கழுத்து பிடித்துக் கொள்ளும்.

தையல்காரர் போல கை, கால் அளவெடுத்து, குழாய் வெட்டி பிரேம் கட்டுபவர்கள் இங்கிலாந்து, இத்தாலி, ஜப்பானில் பேர் பெற்றவர்கள். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி பிறந்த சென்னையிலோ இவர்களை வலை வீசித்தான் பிடிக்க வேண்டும்!

நல்ல கடை எது?

மனம் தளர வேண்டாம். பெரும்பாலோருக்கு சரியான அளவு கம்பெனி பிரேமே போதும். கடை நல்லதாக அமைய வேண்டும், அவ்வளவுதான்.

காசு எண்ணும் முன் நாலு கேள்வி கேளுங்க. கால் அளவு எடுப்பாங்களா? ஓட்டிப் பார்க்க விடுவாங்களா? ரிம் கோட்டத்தை கடையிலேயே எடுப்பாங்களா? பின்பக்க கியரைத் தாங்கும் "ஹேங்கர்" ஸ்பேர் கிடைக்குமா? வண்டி சாய்ந்தால் சட்டென்று வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் வேறுபடும்.

அளவெடுக்காமல் பில் போடும் கடையில் வாங்கினால், மிச்சமான 4 ஆயிரத்து 200 ரூபாய் டாக்டருக்குத்தான் போகும்!