மொராண்டிக்கும் சிவப்பு கிராஸ்தான் போடுவார்கள்

புனே வந்தும் விடவில்லை இந்த டிராயிங் கிளாஸ். சார்ட்டில் இருக்கும் பழக்கூடையைக் காப்பியடிக்காமல் வீட்டு டபராவைப் பார்த்து வரைந்தாளாம் என் மகள், சிவப்பு கிராஸ். இதுக்குப் பேரு ஸ்டில் லைஃபாம்!

இத்தாலியின் ஜார்ஜியோ மொராண்டியை இவர்கள் என்ன செய்திருப்பார்கள்? பொலோன்யா ஓவியக் கல்லூரியில் படித்தவர்தான். ஆனால் எட்சிங்கைப் புத்தகத்தில் ரெம்பிராண்ட் படங்களைப் பார்த்துத் தானே பழகினார்; 1930 முதல் 1956 வரை அதே கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுத்தார். 1964ல் சாகும்வரை பெரும்பாலும் வரைந்தது வீட்டில் கிடந்த பாட்டில், ஜாடி, டப்பாதான். பளபளப்பு போக அவற்றுக்கே பெயிண்ட் அடிப்பார். தூசி படிந்தால் படியட்டும். ஒரு பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினால் அவருக்கு வேறு படம்.

சார்ட்டில் எதை நகர்த்துவது?

ஃபீஸை நிறுத்திவிட்டேன். டபரா இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. தங்கமணி கேட்டும் கழுவக் கொடுக்கவில்லை.